கோழிக்கொட்டகை வானொலி

என் கணவன் மாலக்கியின் முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் ஹாம் சாண்ட்விச்சைத் தின்று முடிப்பதற்குள், என் நாத்தனார் அட்ராக்டா துருத்தி வைத்த என் கான்சர்டினாப் பெட்டிக்குத் துணி போட்டு மூடிவிட்டாள். நான் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புகிறேன், அலமாரி மேல் இருந்த பெட்டியைக் காணவில்லை. அதன் இடத்தில் ஒரு வெள்ளைத் துணி. போன மாதம் சாவு வீட்டுக் கண்ணாடிகளை மூடியிருந்த அதே துணி.

"அதை எதுக்கு மூடுறீங்க? அதுக்குக் குளிருதா?" என்று கேட்டேன்.

"ஒரு வருஷம், டெலியா. அடுத்த அக்டோபர் வரைக்கும். இதையெல்லாம் நான் சொல்லித் தரணுமா?"

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. ஒரு மணிக்கு எனக்கு ரேடியோவுல வாசிப்பு இருக்கு."

"இருந்தது," என்றாள் அட்ராக்டா.

அட்ராக்டா கன்சிடீன் என் கணவனுக்குப் பத்து வயது மூத்த அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாடு, நிலம், கோவில், இந்த மூன்றும் அவளுக்குப் போதும். கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றால் எங்கள் தேவாலயப் பங்கின் சாமியாரே குரலைத் தணித்துத்தான் பேசுவார்.

"சாவு விழுந்த வீட்டுல ஒரு வருஷம் இசை கூடாது. எங்க வீட்டு ரேடியோ மேல துணி போட்டு முப்பது நாளாச்சு. செய்தி கேக்கல, வானிலை கூடக் கேக்கல. காயப்போட்ட துணி ரெண்டு தடவை மழையில நனைஞ்சுது."

"வீட்டுலதானே கூடாது? நான் ஃபின்டனோட ரேடியோக் கொட்டகையில போயி வாசிக்கிறேன்."

"புருஷனைப் பறிகொடுத்தவ எங்க நிக்கிறாளோ அதுதான் சாவு வீடு."

அறையில் இருந்த பன்னிரண்டு பேரும் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள். நான் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். சத்தமாகத்தான் வைத்தேன்.

"நான் வாசிப்பேன்," என்றேன்.

"அந்த ரேடியோக் கம்பம் யாரு நிலத்துல நிக்குது?" என்று அட்ராக்டா கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "நாளைக்கு நீ ஒரு ஆட்ட மெட்டு வாசி. முதல் வரி முடியறதுக்குள்ள கம்பியை நானே வெட்டுறேன். உன் ஒரு மணி நேரம் மட்டுமில்ல, கில்டோரா வானொலியே அதோட சரி."

கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதாக எங்கள் பங்கில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

எங்கள் வானொலிக்கு லைசென்ஸ் கிடையாது. எண்பத்தாறாம் வருஷம் எங்கள் தீவில் பாதி வானொலிகளுக்குக் கிடையாது. போலீஸ் சார்ஜென்ட்டுக்குத் தெரியும், ஆனால் அவர் மனைவி வாரம் தவறாமல் போன் செய்து ஒரு மெட்டுக் கேட்பாள், அதனால் அவருக்குத் தெரியாது. டிவி ரிப்பேர் செய்யும் ஃபின்டன் மேலி தன் கோழிக்கொட்டகையைப் பாதியாகத் தடுத்து, சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி, உத்தரத்திலிருந்து ஒரு மைக்கைத் தொங்கவிட்டிருந்தான். அடுத்த பாதியில் கோழிகள் இருந்தன. அங்கிருந்து ஒரு கம்பி வேலியோரமாக அட்ராக்டாவின் மேட்டுக்கு ஏறி அங்கே நிற்கும் கம்பத்தில் முடியும். பங்கிலேயே உயரமான இடம் அந்த மேடுதான். மாலக்கி கேட்டதற்காகக் கொடுத்தாள். தம்பி கேட்டு அவள் எதையும் இல்லை என்றதில்லை.

தலைநகரத்து நிலையங்கள் நாள் முழுக்க அமெரிக்கக் காதலைப் பாடட்டும், எங்களுக்கென்ன. நாங்கள் எங்கள் இசையை மட்டும்தான் போடுவோம். ஓட்டமாக ஓடும் ரீல், துள்ளும் ஜிக், அழவைக்கும் நிதான மெட்டு, பாட்டன் பாட்டி மொழியில் பழைய பாட்டு. ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் ஃபின்டன் இறப்பு அறிவிப்புகளை வாசிப்பான். அது முடியும்வரை ஊரில் எந்த அடுப்பிலும் கரண்டி அசையாது. ஒரு மணிக்கு நான். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு விதி. யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்லாமல் எந்த மெட்டையும் வாசிக்கக் கூடாது. ஒருமுறை பக்கத்துப் பங்குக் குழல்காரர் ஒருவர் மறந்துபோய்ப் பேர் சொல்லாமல் வாசித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் பதினோரு போன். அடுத்த வாரம் மனிதர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து மைக்கில் மன்னிப்புக் கேட்டார்.

நான் முதன்முதலில் அங்கே வாசித்தபோதே அட்ராக்டா சொன்னாள்: "சீட்டியடிக்கிற பொண்ணும் கூவுற பொட்டைக்கோழியும் வீட்டுக்கு ஆகாது. நீ கோழிக்கொட்டகையிலேயே போயி உக்காந்துட்டே." மாலக்கி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

எல்லோரும் போன பிறகு ஃபின்டன் கோப்பை கழுவ நின்றான். அவன் கோப்பை கழுவ நின்றால் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"டெலியா, நான் ஒண்ணு யோசிச்சேன்."

"உடைக்காம யோசி. அது கல்யாணக் கோப்பை."

"நிதான மெட்டு மட்டும் வாசியேன். மூணோ நாலோ. சோகமா. அட்ராக்டாவும் ஒண்ணும் சொல்ல மாட்டா. ஆட்ட மெட்டுக்குத்தானே வெட்டுவேன்னா?"

"அழுதுகிட்டே வாசிச்சா மரியாதை, ஆடுற மாதிரி வாசிச்சா அசிங்கமா?"

"நான் அப்படிச் சொல்லல..."

"மாலக்கி நிதான மெட்டுக் கேட்டு நீ பார்த்திருக்கியா? நிதான மெட்டு வந்தா மாட்டைப் பார்த்துட்டு வரேன்னு எழுந்து போயிடுவான். ராத்திரி பத்து மணிக்கு என்ன மாடு?"

ஃபின்டன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வருத்தப்பட்டான். "ஒரு வருஷம்தானே," என்றான். "ஒரு வருஷம் ஓடிப்போயிடும்."

அந்த வார்த்தைதான் எனக்கு ஆகாது. அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அதே வார்த்தையைச் சொல்லித்தான் என் அம்மாவையும் கெடுத்தார்கள்.

என் அம்மா நோனி, கல்யாணமாகி வந்தபோது மூன்று பங்குகளில் அவளைப்போல் கான்சர்டினா வாசிக்க ஆள் இல்லையாம். இதை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பத்தெட்டாம் வருஷம் மாமனார் செத்தார். அம்மா பெட்டியை மாவுத்தொட்டிக்குள் வைத்தாள், ஒரு வருஷத்துக்கு. அந்த வருஷம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது கொழுந்தன் செத்தான். இன்னொரு வருஷம். பிறகு எனக்கு முன்னால் பிறந்த குழந்தை. பிறகு அவளைப் பெற்ற அப்பா. பிறகு மாமியார், நிதானமாக. ஒன்பது வருஷம் கழித்து வெளியே எடுத்தபோது துருத்தியை எலி தின்றிருந்தது. அம்மா அதை இரண்டு கையிலும் பிடித்து ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. அப்படியே கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். "நல்லா எரிஞ்சுது," என்று மட்டும் சொல்வாள், யாராவது கேட்டால்.

நான் ஆயிரம் மெட்டு வாசிப்பேன். சித்தப்பாவிடமிருந்து கிடைத்தது, தபால்காரரிடமிருந்து கிடைத்தது, சந்தையில் பார்த்த நாடோடியிடமிருந்து கிடைத்தது. என் அம்மாவிடமிருந்து எனக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவள் பேரை வானொலியில் நான் ஒருதடவையும் சொன்னதில்லை. சொல்ல வழியில்லை.

கன்சிடீன் குடும்பத்தில் இப்போது தொண்ணூற்றொரு வயதில் ஒரு பெரியப்பா இருக்கிறார், எண்பத்தெட்டில் ஒரு அத்தை, எண்பத்திரண்டில் இன்னொரு அத்தை. எல்லோரும் நன்றாக இருக்கட்டும். ஆனால் யாரும் சாகாவரம் வாங்கி வரவில்லை. எனக்கு நாற்பத்தேழு வயது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மறுபடி பெட்டியைத் திறக்கும்போது விரல் மடங்காது.

"ஃபின்டன், நீ கொட்டகையைத் திறப்பியா, மாட்டியா?" என்று கேட்டேன்.

அவன் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். ஏழு வருஷமாக ஒவ்வொரு கம்பியாகச் சேர்த்து அந்த வானொலியைக் கட்டியவன். போனால் அவனுக்குத்தான் போகும்.

"கோழிக்குத் தீனி போட எப்படியும் திறக்கணும்," என்றான் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. பதினோரு மணிப் பூசைக்குப் போனேன். யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அட்ராக்டா முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பூசை முடிந்ததும் வீட்டுக்கு வந்து துணியை எடுத்தேன், நான்காக மடித்தேன், கான்சர்டினாவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். இரண்டு கைக்குள் அடங்கும் ஆறுமூலைப் பெட்டிதான், ஆனால் அன்றைக்குக் கனத்தது.

மாலக்கி போனது எனக்கு வலிக்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கறவை மாட்டை ஏற்றப்போன இடத்தில், சந்தையில், லாரிப் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே படுக்கையில் படுத்தவன். காலையில் இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப மாட்டுகிறேனே, அது யாருக்குத் தெரியும்? அந்த முப்பது நாளும் இரவில் என் விரல்கள் போர்வை மேல் தானாக ஓடின. அழுவதற்கு எனக்கு வேறு வழி தெரியாது, அவ்வளவுதான்.

மாலக்கிக்கு இசை வராது. சீட்டி மட்டும் வரும். லாரியைப் பின்னால் எடுக்கும்போதும், பால் கறக்கும்போதும், முகம் மழிக்கும்போதும் ஒரே மெட்டு, 'நனைஞ்ச சாக்கு' என்ற ரீல். அதையும் தப்பாகத்தான் அடிப்பான். இரண்டாம் பாதியின் கடைசியில் எல்லோரும் கீழ்ஸ்வரத்துக்கு இறங்கும் இடத்தில் இவன் மேலே ஏறுவான். நான் அடுப்படியிலிருந்து கத்துவேன்: "தப்பு!" உடனே நிறுத்திவிடுவான். "என் லாரிக்கு இப்படித்தான் பிடிச்சிருக்கு," என்பான். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் நடந்த ஒரே சண்டை இதுதான் என்று சொன்னால் அது பொய், ஆனால் ஓயாமல் நடந்த சண்டை இதுதான்.

கொட்டகையில் ஃபின்டன் இறப்பு அறிவிப்புகளை முடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு இரண்டு பேர். நான் பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேட்டில் ஈரப் புல்லில் ஒரு கறுப்புக் கோட்டு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு கையில் பை. இன்னொரு கையில் வேலிக் கம்பி வெட்டும் பெரிய குறடு. இவ்வளவு தூரத்திலிருந்தும் அதன் சிவப்புப் பிடி தெரிந்தது.

"வந்துட்டா," என்றான் ஃபின்டன். முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"வரட்டும். மணி என்ன?"

"ஒண்ணு ஆக ஒரு நிமிஷம். டெலியா, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. ஒரு நிதான மெட்டு..."

"மைக்கைத் திற."

திறந்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கோழி முட்டையிட்டதற்காக ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. நான் வழக்கமாகச் சொல்லும் வணக்கத்தைச் சொல்லவில்லை.

"நான் டெலியா கன்சிடீன்," என்றேன். "என் வீட்டுக்காரர் போயி முப்பத்தோரு நாளாச்சு. இப்போ வாசிக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. சொல்றவங்க கெட்டவங்க இல்ல. ஆனா எங்க அம்மா நோனி ஒன்பது வருஷம் வாசிக்காம இருந்தாங்க, அதனால இந்தப் பங்குக்கு எவ்வளவு மெட்டு இல்லாமப் போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. நான் இருக்க மாட்டேன். பிடிக்காதவங்க ரேடியோவை அணைச்சுக்கலாம். இப்போ வரப்போறது ரீல். 'நனைஞ்ச சாக்கு.' இது மாலக்கி கன்சிடீன் கிட்டேருந்து எனக்குக் கிடைச்சது. அவர் சீட்டியில இது தப்பா இருக்கும். இன்னிக்கு அந்தத் தப்போடதான் வாசிக்கப் போறேன்."

அம்மாவின் பேரைச் சொல்லிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வாசித்தேன். முதல் சுற்றில் விரல் விறைத்திருந்தது. இரண்டாம் சுற்றில் சூடு வந்தது. எல்லோரும் இறங்கும் இடத்தில் ஏறினேன், பிறகு இறங்கினேன். மூன்றாம் சுற்றில் எனக்குக் கோபம் இல்லை, பயம் இல்லை, கண்ணீர் மட்டும் வழிந்தது, அதைத் துடைக்கக் கை இல்லை. வழியட்டும் என்று அடுத்த ரீலுக்குத் தாவினேன். ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. வெட்டினால் வெட்டட்டும். கோழிகளாவது கேட்கும்.

ஒரு மணி நேரமும் ஆட்ட மெட்டு. ஒன்றுகூட நிதான மெட்டு இல்லை.

போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. ஃபின்டன் வீட்டு அடுப்படியில் இருக்கும் போன் கொட்டகைக்குக் கேட்கும். வழக்கமாக என் நேரத்தில் எட்டுத் தடவையாவது அடிக்கும். அன்றைக்குச் செத்துக் கிடந்தது.

"வெட்டிட்டாளா?" என்று கேட்டேன்.

"தெரியல." அவன் ஒரு சின்ன ரேடியோவைத் திருகினான். என் குரலின் மிச்சமாகக் கோழிச் சத்தம் அதில் கேட்டது. "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஒலிபரப்புற பெட்டிக்குப் பக்கத்துலயே இருக்கோம். மேல கம்பி இருந்தாலும் இல்லாட்டாலும் இங்க கேக்கும். அளவு காட்டுற முள்ளு போன வருஷமே செத்துப்போச்சு."

ஜன்னலில் பார்த்தோம். மழை இறங்கிவிட்டது. கம்பத்தின் பாதி மேகத்துக்குள் இருந்தது. கறுப்புக் கோட்டைக் காணவில்லை.

"போயி பார்க்கட்டுமா?" என்றான்.

"சாப்பிட்டுட்டுப் போ. வெட்டியிருந்தா எங்கேயும் ஓடிடாது."

தைரியமாகச் சொன்னேனே தவிர, வீட்டுக்கு நடக்கும்போது மேட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் பிடிவாதத்துக்காக ஒருவனின் ஏழு வருஷத்தைப் பணயம் வைத்துவிட்டேன். எதிரே ஒரு கார் வந்தது. க்ரோட்டிக் குடும்பம். எங்கள் சாலையில் எதிரே வரும் யாருக்கும் ஸ்டீயரிங்கிலிருந்து வணக்கமாக ஒரு விரலைத் தூக்காமல் யாரும் போக மாட்டார்கள். ஆகாதவர்களுக்குக்கூட அரை விரல் எழும். க்ரோட்டியின் விரல் எழவில்லை. மனைவி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. நாலு அடி நடந்த பிறகுதான் புத்தியில் பட்டது: கேட்காதவன் ஏன் முறைத்துக்கொண்டு போகிறான்? அப்படியென்றால் மெட்டு ஊருக்குப் போயிருக்கிறது. அந்த அவமானத்தை வைத்துக்கொண்டு ஒரு சந்தோஷம் வந்தது. நடு ரோட்டில் மழையில் நின்று சிரித்தேன்.

மூன்றரை மணி இருக்கும். பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் தட்டில் ஆறிப்போயிருந்தன. தட்டாமல் கதவைத் திறந்துகொண்டு அட்ராக்டா வந்தாள். கோட்டு முழங்கால்வரை சேறு. குறட்டை மேசைமேல், என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

"வெட்டியாச்சா?" என்றேன்.

"தப்பா வாசிச்சே," என்றாள்.

"என்னது?"

"ரெண்டாம் பாதி, கடைசியில. ஒரு தடவை ஏறிட்டு இறங்கிட்டே. அவன் அப்படி இறங்க மாட்டான். ரெண்டு தடவை ஏறுவான்."

எனக்கு அவள் என்ன சொல்கிறாள் என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆனது. பிடிபட்டதும் எழுந்தேன்.

"உங்க வீட்டு ரேடியோ மேல துணி கிடக்குன்னீங்களே?"

"இப்பவும் கிடக்கு. போயிப் பாரு." பைக்குள் கைவிட்டு மாலக்கி லாரியில் வைத்திருந்த சின்ன டிரான்சிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள். "வீட்டுல போடல. மேட்டுல போட்டேன். மேடு வீடு இல்ல."

"புருஷனைப் பறிகொடுத்தவ எங்க நிக்கிறாளோ அதுதான் சாவு வீடுன்னு நேத்து யாரோ சொன்னாங்க."

"அது பொண்டாட்டிக்கு. நான் அக்கா."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முதல்முறையாக அவளுக்கு வயதாகிவிட்டது என்று தோன்றியது.

"வெட்டத்தான் போனேன்," என்றாள். "பொய் சொல்ல மாட்டேன். குறட்டைக் கம்பியில வெச்சுட்டு, நீ எப்போ ஆரம்பிப்பேன்னு ரேடியோவைப் போட்டேன். நீ அவன் பேரைச் சொன்னே. அப்புறம் அது வந்துது. சரி, இது ஒண்ணு முடியட்டும்னு நினைச்சேன். முடியற இடத்துல நீ சொதப்பிட்டே. மூணு தடவையும். அடுத்ததுல சரி பண்ணுவா, அடுத்ததுல சரி பண்ணுவான்னு நின்னுகிட்டே இருந்தேன். மழையில. ஒரு மணி நேரம்."

"நான் அவன் அடிச்ச மாதிரிதான் வாசிச்சேன். இருபத்திரண்டு வருஷம் கேட்டிருக்கேன்."

"எங்கே கேட்டே? முழுசாவா?"

சொல்ல வந்தேன். முழுசாக நான் கேட்டதே இல்லை. அவன் முதல் தடவை ஏறும்போதே நான் "தப்பு!" என்று கத்துவேன். அவன் நிறுத்திவிடுவான். இருபத்திரண்டு வருஷமாக, அடுப்படியில், கொல்லையில், லாரியில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நான் அவனை வெட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் எங்கே போவான் என்று எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியாது, அட்ராக்டா," என்றேன். "நான் விடவே இல்ல."

அட்ராக்டா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஜன்னல் திரையை இழுத்தாள். கைக்குட்டையால் உதட்டைத் துடைத்தாள். பிறகு, கறுப்புக் கோட்டோடு, என் அடுப்படி நடுவில் நின்று சீட்டியடித்தாள்.

மாட்டுக்கு அடிக்கிற சீட்டி. கூர்மையாக, நடுங்காமல். சின்ன வயதில் மாடு ஓட்டிப்போகும்போது தம்பியோடு சேர்ந்து அடித்திருக்கிறாள், அவர்கள் அம்மா பிரம்பெடுக்கும்வரை. கேட்ட உடனே தெரிந்தது. முதல் பாதி, இரண்டாம் பாதி, எல்லோரும் இறங்கும் இடத்தில் ஏறினாள். என் நாக்கு நுனிவரை "தப்பு" வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் இன்னொரு தடவை ஏறினாள், அங்கே ஒரு கணம் நின்றாள், பிறகு லாரி மேட்டிலிருந்து இறங்குகிற மாதிரி கடகடவென்று ஓடிவந்து சேர்ந்தாள். அது தப்பே இல்லை. நாங்கள் எல்லோரும் வாசிப்பதைவிட அதுதான் அழகு.

நான் கான்சர்டினாவை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை. "மறுபடி," என்றேன். மறுபடி அடித்தாள். மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டேன். இருவரும் சேர்ந்து ஒரு சுற்று போனோம், சாவு வீட்டில், பட்டப்பகலில்.

"அடுத்த வாரம் சரியா வாசி," என்று கைக்குட்டையை மடித்தாள். "மாலக்கிகிட்டேருந்து கிடைச்சதுன்னு சொல்லு."

"மாலக்கி எனக்கு இதைக் குடுக்கல. நான் குடுக்க விடல. யார் குடுத்தாங்களோ அவங்க பேரைத்தான் சொல்லணும். சொல்லாம வாசிச்சா திருட்டு, உங்களுக்கே தெரியும்."

"பைத்தியமா உனக்கு? ஊரு என்ன சொல்லும்? தம்பி செத்து மாசம்தான் ஆகுது, இந்த வயசுல நான் சீட்டியடிச்சேன்னு..."

"சொல்லட்டும். எனக்கும்தான் சொல்றாங்க. க்ரோட்டி விரல்கூடத் தூக்கல."

"க்ரோட்டியா?" அட்ராக்டாவின் முகம் சிவந்தது. "அவன் அப்பா யுத்த காலத்துல ஜெர்மன் வானொலி கேட்டவன். அவன் யாரு விரல் தூக்காம போறதுக்கு?"

டிரான்சிஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டினாள். குறட்டை எடுத்துக்கொள்ளவில்லை, அது என் மேசையிலேயே கிடந்தது. கதவைத் திறந்து வாசற்படியில் கால் வைத்தாள்.

"இந்தப் பங்குல நாலு அட்ராக்டா இருக்கோம்," என்றாள், திரும்பாமல். "அட்ராக்டான்னு மட்டும் சொன்னா யாரோன்னு நினைச்சுக்குவாங்க. அட்ராக்டா கன்சிடீன்னு முழுப் பேரையும் சொல்லு."